பழைய இரும்பு இழைப்புளி: வாங்குறப்ப எதைப் பாக்கணும், வாங்கின பிறகு எதுல கை வைக்கணும்

கேள்வி இதுதான். 5-ஆம் நம்பர் இரும்பு இழைப்புளி ஒண்ணு பழசா விலைக்கு வருது, மேலெல்லாம் துரு, பின்கைப்பிடியோட கொம்பு உடைஞ்சிருக்கு, பிளேடு மொக்கை, இதை வாங்கலாமா இல்ல புதுசே பாத்துக்கலாமா, வாங்கினா அடிப்பாகத்தை கண்ணாடி மேல உப்புத்தாள் ஒட்டி மணிக்கணக்கா தேய்க்கணும்ங்கிறாங்களே அது உண்மையா.

முதல்ல நேரா பதில் சொல்லிடறேன். துருவுக்கு பயப்பட வேண்டாம், உடைஞ்ச கைப்பிடியும் ஒரு விஷயமே இல்ல. விரிசலுக்கும் காணாம போன பாகத்துக்கும் பயப்படுங்க. பிளேடோட பின்பக்கம் குழி குழியா இருந்தா விலையைக் குறைச்சுப் பேசுங்க. அடியைத் தேய்க்கிற வேலை 5-ஆம் நம்பருக்கு பெரும்பாலும் தேவைப்படாது, அந்த நேரத்துல பாதியை பிளேடுலயும் அது மேல உக்கார்ற சிப் பிரேக்கர்லயும் போட்டா பிளேன் (இழைப்புளியைத்தான் சொல்றேன்) வேற மாதிரி வேலை செய்யும். மத்ததெல்லாம் இதோட விளக்கம்தான்.

பாகங்களோட பேரைச் சொல்லிட்டா பேச வசதியா இருக்கும். கீழ வார்ப்பிரும்பு உடம்பு, அதுல குறுக்க ஒரு கீறல் மாதிரி வாய், வாய்க்குப் பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ போட்டு உக்கார வச்ச சாய்வான வார்ப்புக்குப் பேரு ஃப்ராக், அது மேல 45 டிகிரி சாய்வுல பிளேடு, சாணை பிடிச்ச சாய்வு கீழ பாத்தபடி, பிளேடு மேல சிப் பிரேக்கர், ரெண்டையும் சேத்து அமுக்கிப் பிடிக்கிறது லீவர் கேப். ஃப்ராக்குக்குப் பின்னாடி இருக்கற பித்தளைச் சக்கரம் ஆழத்துக்கு, மேல நீட்டிட்டு இருக்கற சின்ன லீவர் பிளேடை இடவலமா சாய்க்க. இந்த அமைப்பு லெனார்ட் பெய்லிங்கிற அமெரிக்கரோடது, 1869-ல ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி அவரோட பேடன்ட்டுகளை வாங்கினாங்க, பேடன்ட் காலம் முடிஞ்சதும் உலகத்துல இருக்கற அத்தனை பேரும் அதையே காப்பி அடிச்சாங்க. அதனால ஸ்டான்லின்னாலும், ஷெஃபீல்டுல செஞ்ச ரெக்கார்டுன்னாலும், மில்லர்ஸ் ஃபால்ஸ், சார்ஜென்ட்னாலும் உள்ள போய்ப் பாத்தா கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான். நம்பர்தான் கொஞ்சம் குழப்பும். ஸ்டான்லி 5-க்கு சமமானது ரெக்கார்டுல 05, மில்லர்ஸ் ஃபால்ஸ்ல 14, சார்ஜென்ட்ல 414.

அளவைப் பத்தி ரெண்டு வரி. 4-ஆம் நம்பர் ஒன்பதரை அங்குலம் கிட்ட வரும், கடைசி மெருகு இழைப்புக்கு. 5 வந்து 14 அங்குலம், 7 வந்து 22 அங்குலம், நீளமான பலகையோட ஓரத்தை நேராக்க. முதல் பிளேனா வாங்குறவங்களுக்கு 5 நல்ல தேர்வுதான்னு நான் சொல்லுவேன், ஏன்னா அதுல மொத்தமா மரத்தைக் குறைக்கவும் முடியும், நல்லா தீட்டி வச்சா மெருகும் வரும், சின்னப் பலகையோட ஓரமும் நேராகும். 7 முதல் பிளேனா வேண்டாம், அதுல அடி வளைஞ்சிருந்தா நீங்க கையால சரி பண்றது ரொம்பக் கஷ்டம்.

எந்த வருஷத்துதுன்னு கேக்கறவங்க நிறைய பேர். ஸ்டான்லியா இருந்தா சில அடையாளம் உண்டு: இடவல லீவரே இல்லைன்னா 1885-க்கு முன்னாடி, ஃப்ராக்கை முன்பின் நகர்த்த பின்னாடி ஒரு ஸ்க்ரூ இருந்தா 1907 அல்லது அதுக்கப்புறம், லீவர் கேப்ல இருக்கற ஓட்டை சாவித்துவாரம் மாதிரி இல்லாம சிறுநீரக வடிவத்துல இருந்தா 1933-லேர்ந்து. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பித்தளை கிடைக்காம ஆழச் சக்கரத்தை கறுப்பு ரப்பர்ல செஞ்சிருப்பாங்க. ஆனா ஒரு எச்சரிக்கை, நூறு வருஷத்துல எத்தனையோ கை மாறி வந்த சாமான் இது, ஒண்ணோட லீவர் கேப்பை இன்னொண்ணுல மாட்டிருப்பாங்க, அதனால ஒரு அடையாளத்தை மட்டும் வச்சு வயசு சொல்லிட முடியாது. வேலை செய்யறவங்களுக்கு வயசு அவ்வளவு முக்கியமும் இல்ல. பொதுவா போருக்கு முன்னாடி வந்தது நம்பலாம், பிற்காலத்துல விலை குறைச்சு விட்ட மாடல்கள்ல ஃப்ராக்கையே வார்ப்பா செய்யாம தகட்டை மடிச்சு செஞ்சிருப்பாங்க, கைப்பிடி பிளாஸ்டிக்கா இருக்கும். கைப்பிடி பிளாஸ்டிக்னா பரவாயில்ல, ஃப்ராக் தகடுன்னா விட்டுடுங்க.

இப்ப விரிசல். இது பழுப்பு வார்ப்பிரும்பு, கடினமா இருக்கும் ஆனா வளையாது, மேசைலேர்ந்து தரைல விழுந்தா சில்லு விடும் இல்ல கீறும். விரிசல் வர்ற இடம் ஏறக்குறைய நிலையானது: வாயோட ரெண்டு மூலை, ஃப்ராக்குக்குப் பக்கத்துல இருக்கற ரெண்டு பக்கச் சுவர், பின்கைப்பிடி ஸ்க்ரூ இறங்குற மேடு. துரு மூடியிருந்தா மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அதுக்கு பழைய பட்டறை வழி ஒண்ணு இருக்கு. சந்தேகமான இடத்தை சுத்தம் பண்ணி மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விடுங்க, நல்லா துடைச்சு காய வச்சு மேல சாக்பீஸை அழுத்தித் தேயுங்க. விரிசல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிஞ்சு வெள்ளைல ஒரு ஈரக்கோடு காட்டிக் கொடுத்துடும். இன்னொண்ணு, எல்லாப் பாகத்தையும் கழட்டின வெத்து உடம்பை ஒரு விரல்ல தொங்கவிட்டு மரத்துண்டால தட்டினா கணீர்னு கேக்கணும், டொக்குன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ கீறல் இருக்கு. பாகத்தோட சேத்துத் தட்டினா எதுவும் புரியாது. பித்தளை வச்சு பத்தவச்ச பழைய ரிப்பேர் இருந்தா அந்த இடத்துல மஞ்சள் கோடு தெரியும், அப்படி இருந்தா மலிவா கிடைச்சா மட்டும் வாங்கலாம், அதுவும் அடி முறுக்கிக்காம இருந்தா.

காணாம போன பாகத்துக்கு ஏன் பயப்படணும்னா, ஸ்டான்லி ஸ்க்ரூ பல இடத்துல சாதாரண ஹார்டுவேர் கடைல கிடைக்காத மரை. கைப்பிடி போல்ட் 12-20ன்னு ஒரு தனி அளவு, அந்தக் கம்பெனிக்காகவே இருந்த அளவுன்னு சொல்லலாம். ஒரு ஸ்க்ரூ இல்லைன்னா இன்னொரு பழைய பிளேனைத் தேட வேண்டி வரும். அதனால லீவர் கேப், சிப் பிரேக்கர், அதோட ஸ்க்ரூ, ஃப்ராக் ஸ்க்ரூ ரெண்டு, ஆழச் சக்கரம், சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவை மாதிரியான லீவர், எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. அந்தக் கவையோட ஒரு கால் உடைஞ்சிருக்கறதும் உண்டு, பிளேடைக் கழட்டினாத்தான் தெரியும்.

பிளேடைக் கையில எடுத்துப் பாருங்க. காடி, அதாவது பிளேடு நடுவுல இருக்கற நீளமான துளை, முடியற இடத்துக்கும் வெட்டுமுனைக்கும் நடுவுல எவ்வளவு எஃகு மிச்சம் இருக்குன்னு பாக்கணும், காடி வரைக்கும் தீட்டித் தீத்திருந்தா அது செத்த பிளேடு. அப்புறம் பின்பக்கம், அதாவது தட்டைப் பக்கம். வெட்டுமுனைங்கிறது ரெண்டு பரப்பு சந்திக்கிற கோடு, ஒரு பரப்புல குழி இருந்தா அந்த இடத்துல கோடு உடையும், மரத்துல ஒவ்வொரு இழைப்புலயும் ஒரு கீத்து விழும். முனைலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கற குழி இன்னிக்குத் தொல்லை இல்ல. முனைலயே இருந்தா ஒண்ணு அந்த அளவுக்கு சாணை பிடிச்சுத் தள்ளணும், இல்ல புது பிளேடு வாங்கணும். 2 அங்குல அகல பிளேடு இன்னிக்கும் புதுசா செஞ்சு விக்கறாங்க, அதனால இது பிளேனையே வேண்டாம்னு சொல்ற காரணம் இல்ல, ஆனா அந்த விலையை மனசுல கூட்டிக்கோங்க. ரொம்பத் தடிமனான பிளேடு வாங்கிடாதீங்க, பழைய பிளேடு 2 மி.மீ சொச்சம்தான், 3 மி.மீக்கு மேல போனா வாயை அரத்தால அகலப்படுத்த வேண்டியிருக்கும், கவையோட நுனியும் சிப் பிரேக்கருக்கு எட்டாது.

நேர்ல பாக்க முடியாம போட்டோ பாத்து வாங்குறதுன்னா விக்கறவர்கிட்ட நாலு படம் கேளுங்க: அடிப்பாகம் முழுசா, வாய் கிட்டத்துல, பிளேடோட தட்டைப் பக்கம், ஃப்ராக்கைக் கழட்டின உடம்பு. கடைசி ஒண்ணை நிறைய பேர் தர மாட்டாங்க, பரவாயில்ல, முதல் மூணு கண்டிப்பா வேணும். பளபளன்னு பெயின்ட் அடிச்சு பாலிஷ் போட்டு வச்சிருக்கறதை விட அழுக்கா இருக்கறது எனக்கு நம்பிக்கை, அழுக்குக்கு அடியில யாரும் எதையும் ஒளிச்சிருக்க மாட்டாங்க.

சரி, வாங்கியாச்சு. கழட்டறப்ப ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, ஆழச் சக்கரம் இடது மரை, வழக்கமா கழட்டற பக்கம் திருப்பினா உள்ளதான் போகும். இறுகிப்போன ஸ்க்ரூவுக்கு காடிக்கு சரியா பொருந்தற அகலமான திருப்புளி வேணும், சின்னதை வச்சு முறுக்கினா காடி சிதைஞ்சுடும், அப்புறம் அது போன மாதிரிதான். துரு இளக்கற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வச்சுட்டு, முதல்ல கொஞ்சம் இறுக்கற பக்கம் அசைச்சு பிறகு கழட்டினா பெரும்பாலும் வந்துடும்.

துரு எடுக்க எந்த வழியும் சரிதான். மேலோட்டமான துருன்னா உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் போதும். ஆழமா இருந்தா வினிகர்லயோ, சிட்ரிக் ஆசிட் கரைச்ச தண்ணிலயோ ஊற வைக்கலாம், ஆனா மறந்து நாள் கணக்குல விட்டுடாதீங்க, ஆசிட் துருவைத் தின்னு முடிச்சதும் இரும்பைத் திங்க ஆரம்பிக்கும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணில கழுவி, உடனே சூடு காட்டிக் காய வச்சு எண்ணெய் தடவணும், அஞ்சு நிமிஷம் தாமதிச்சா கண்ணு முன்னாடியே ஆரஞ்சு கலர் ஏறும். வாஷிங் சோடா தண்ணில பேட்டரி சார்ஜர் வச்சு மின்சாரத்துல துரு எடுக்கற முறையும் நல்லா வேலை செய்யும், பிளேன் நெகட்டிவ்ல, ஒரு சாதா இரும்புத் துண்டு பாசிட்டிவ்ல. அந்தத் துண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கவே கூடாது, அதுல இருக்கற குரோமியம் நச்சுப் பொருளா தண்ணில கரையும். ஹைட்ரஜனும் வெளிவரும், அதனால வெளிக்காத்துல, நெருப்பு பக்கத்துல இல்லாம செய்யணும். இந்த முறையில உள்ள இருக்கற பழைய கறுப்புப் பூச்சும் உரிஞ்சு வரலாம், பூச்சு நல்லா இருந்தா இதைத் தவிர்த்துடுங்க. பூச்சு போயிடுச்சுன்னா எனாமல் பெயின்ட் அடிச்சுக்கலாம், ஆனா ஃப்ராக் உக்கார்ற இடத்துலயும் மரைலயும் ஒரு சொட்டு படக்கூடாது. பக்கச் சுவரை கண்ணாடியாட்டம் பாலிஷ் போடறது உங்க இஷ்டம், மரத்துக்கு அது தெரியாது.

அடிப்பாகத்துக்கு வருவோம். இதுல ஆளுக்கு ஒரு கருத்து, என் கருத்து இது. அடி முழுக்க சமமா இருக்கணும்னு அவசியம் இல்ல, மூணு இடம் ஒரே மட்டத்துல இருக்கணும்: முன்முனை, வாய்க்கு நேர் முன்னாடி இருக்கற பட்டை, பின்முனை. இதுல வாய்க்கு முன்னாடி இருக்கற பட்டைதான் ரொம்ப முக்கியம், பிளேடு வெட்டறதுக்கு முன்னாடி மரநாரை அமுக்கிப் பிடிக்கிறது அதுதான். நடுவுல பள்ளம் இருந்தா போகட்டும், ஜப்பான் மர இழைப்புளில அந்தப் பள்ளத்தை வேணும்னே செதுக்கி வைப்பாங்க. துருக்குழி அங்கங்க இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. சரிபாக்க நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணை அடி மேல நிமித்தி வச்சு பின்னாடி வெளிச்சம் காட்டிப் பாருங்க, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடுகள்) இருந்தா வாய்க்கு முன்னாடி 0.05 மி.மீ தகடு நுழையுதான்னு பாருங்க, நுழையலைன்னா மூடி வச்சுட்டு அடுத்த வேலைக்குப் போங்க. 5-ஆம் நம்பரை மொத்தமா குறைக்கற வேலைக்கு வச்சுக்கறவங்க இதைக் கூட பாக்க வேண்டாம்.

தேய்க்கத்தான் வேணும்னா முழுசா மாட்டித் தேயுங்க, பிளேடு உள்ள இழுத்த நிலையில, லீவர் கேப் வேலை செய்யற அளவுக்கு இறுக்கமா. ஏன்னா அந்த இறுக்கத்துல உடம்பு ஒரு துளி வளையும், கழட்டி வச்சுத் தேய்ச்சா மாட்டினதும் மறுபடி மட்டம் மாறிடும். தடிமனான கண்ணாடில 80 நம்பர் உப்புத்தாள், அடில மார்க்கர் பேனாவால குறுக்க நெடுக்க கிறுக்கிட்டு நாலஞ்சு தடவை இழுத்துப் பாத்தா எங்க மை போகுது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுடும். வாய்க்கு முன்னாடி மை போயிடுச்சா, ரெண்டு முனைலயும் போயிடுச்சா, நிறுத்திடுங்க. அதுக்கு மேல தேய்க்கத் தேய்க்க கை தன்னால ஆடி முன்முனையும் பின்முனையும் உருண்டு போகும், தேய்க்கறதுக்கு முன்னாடி இருந்ததை விட மோசமா முடிச்சவங்க உண்டு.

ஃப்ராக்கைக் கழட்டி உக்கார்ற ரெண்டு பரப்பையும் சுத்தம் பண்ணுங்க, பெயின்ட் வழிசல், பழைய கிரீஸ், மரத்தூள் கெட்டியாகி இருக்கும். திரும்ப வச்சு ஸ்க்ரூ போடாம நாலு மூலைலயும் விரலால அமுக்குங்க, ஆடக்கூடாது. அப்புறம் ஃப்ராக்கோட சரிவும் வாயோட பின்விளிம்பும் ஒரே கோடா வர்ற இடத்துல வச்சு இறுக்கிடுங்க. வாயைக் குறுக்கறேன்னு ஃப்ராக்கை முன்னாடி தள்ளறவங்க இருக்காங்க, அப்படித் தள்ளினா பிளேடோட அடிக்கு வாய் விளிம்போட பிடிமானம் போயிடும், நார் பிய்யாம இருக்க அதை விட நல்ல வழி சிப் பிரேக்கர்ல இருக்கு, அதை இதோ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி பிளேடு. தட்டைப் பக்கத்துல முனையை ஒட்டின ஒரு சின்னப் பட்டை மட்டும் மினுங்கினா போதும், முழுசையும் மினுக்க வேண்டாம். அதுவும் சிரமமா இருந்தா டேவிட் சார்ல்ஸ்வொர்த்ங்கிற ஆங்கிலேய மரவேலைக்காரர் பிரபலப்படுத்தின வழி இருக்கு: கல்லோட ஒரு ஓரத்துல அரை மி.மீ தடிமன் ஸ்டீல் ஸ்கேல் வச்சு, பிளேடோட பின்பகுதி அது மேல படுக்க, முனை மட்டும் கல்லுல படற மாதிரி பத்து இருபது தடவை தேய்ச்சா முனைல ஒரு மெல்லிய பட்டை மட்டும் மெருகாகும். பிளேனுக்கு இது பொருந்தும், சாதா உளிக்கு செய்யாதீங்க, உளிக்கு தட்டையான முதுகு வேணும். சாய்வு 25 டிகிரி சாணைல, கடைசி நுனி 30 டிகிரி கல்லுல. மின்சாணைல பிடிக்கறப்ப அடிக்கடி தண்ணில முக்கணும், நுனி நீலமா மாறினா பதம் போயிடுச்சு, அந்த நீலம் போற வரைக்கும் தேய்ச்சுத் தள்ளறதைத் தவிர வழி இல்ல. கல்லுல 1000 நம்பர்ல தீட்டறப்ப மறுபக்கம் ஒரு பிசிறு எழும்பும், விரலை முனைக்கு வெளிப்பக்கமா நகர்த்தினா சொரசொரன்னு மாட்டும், இடது மூலைலேர்ந்து வலது மூலை வரைக்கும் விட்டுப்போகாம அது தட்டுப்பட்டாத்தான் அடுத்த கல்லுக்குப் போகணும். பிசிறு வராம 8000 நம்பர் நைஸ் கல்லுக்குப் போறது வீண் வேலை, மொக்கை முனையை மெருகேத்தினதா முடியும். கூர் வந்துடுச்சான்னு பாக்க மெத்து மரத்தோட தலைப்பக்கத்துல, அதாவது நாரைக் குறுக்க வெட்டின பக்கத்துல, பிளேடைக் கையில பிடிச்சு ஒரு சீவு சீவுங்க. வெட்டின இடம் பளிச்னு நிறம் கூடித் தெரிஞ்சா கூர், வெளிறிப் பொடிஞ்சா இன்னும் இல்ல.

இனி சிப் பிரேக்கர். பழைய பிளேன் வேலை செய்யலைன்னு தூக்கிப் போட்டவங்கள்ல பாதிப் பேர் இதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. பிளேடு மரத்துல நுழையறப்ப சீவல் பிளேடு மேல ஏறுது, அது விறைப்பா ஏறினா நெம்புகோல் மாதிரி முன்னாடி இருக்கற நாரையும் பிளந்து தூக்கும், பிளேடு போய்ச் சேர்றதுக்குள்ள பிளவு கீழ இறங்கிடும், அதுதான் நார் பிய்ஞ்சு பள்ளமாகற கதை. சிப் பிரேக்கரோட முன்விளிம்பு வெட்டுமுனைக்கு ரொம்பக் கிட்ட இருந்தா, ஏறுற சீவலை உடனே முன்னாடி தள்ளி மடக்கிடும், அதுக்கு நெம்பறதுக்கு வலு இருக்காது. ஜப்பான்ல யமகட்டா பல்கலைக்கழகத்துல காட்டோ, கவாய்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பெருசாக்கிப் படம் பிடிச்சுக் காட்டினாங்க, விளிம்பு 0.1 மி.மீ அளவு தள்ளி இருந்தா நாரை எதிர்த்து இழைச்சாக்கூட பிய்யறது அடங்கிடுது. அவங்க வச்சது 80 டிகிரி வரைக்கும் செங்குத்தான முன்விளிம்பு, நமக்கு பிளேடோட தட்டைப் பக்கத்துலேர்ந்து அளந்தா 50 டிகிரி வந்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

அதுக்கு சிப் பிரேக்கர் பிளேடோட இடைவெளியே இல்லாம ஒட்டணும். ரெண்டையும் மாட்டி இறுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கி, ஒட்டற கோட்டைப் பக்கவாட்டுல பாருங்க. மயிரளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் முதல் நாலு இழைப்புக்குள்ள அங்க ஒரு சீவல் நுழைஞ்சு, அது மேல அடுத்தது மாட்டி, வாய் அடைச்சு, கழட்டிக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். சரி பண்ண சிப் பிரேக்கரோட அடிவிளிம்பைக் கல்லுல வைங்க, பின்பக்கத்தை கல்லோட மட்டத்தை விடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிச்சுத் தேயுங்க, அப்பத்தான் முன்நுனி மட்டும் பிளேடைத் தொடும், உள்பக்கம் தொடாது. அப்புறம் மேல்பக்க விளிம்பை நல்லா மெருகேத்துங்க, சீவல் வழுக்கிப் போகணும் இல்லையா.

மாட்டறப்ப சிப் பிரேக்கரை பிளேடுக்குக் குறுக்கா வச்சு ஸ்க்ரூவைக் காடில இறக்கி, பின்னாடி இழுத்து, நேராத் திருப்பி, அப்புறம் மெதுவா முன்னாடி தள்ளுங்க. நேரடியா தள்ளினா இப்பத்தான் தீட்டின முனை மேல அது ஏறி மொக்கை பண்ணிடும். மெருகு வேலைக்கு தட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கோடு மட்டும் தெரியற தூரம், சுமார் 0.2 மி.மீ. மொத்தமா குறைக்கறப்ப 1 மி.மீ, அதுக்கு மேலயும் வைக்கலாம். தூரம் சரியான்னு சீவலே சொல்லிடும்: சுருள் சுருளா உருண்டு வந்தா சிப் பிரேக்கர் தூரத்துல சும்மா உக்காந்திருக்கு, சுருளாம நேரா நிமிந்து வாயை விட்டு மேல வந்தா வேலை செய்யுது, மடிப்பு மடிப்பா நொறுங்கி வந்தா ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க.

லீவர் கேப் ஸ்க்ரூவை ரொம்ப இறுக்காதீங்க, பிளேடு நகராம இருக்கணும், ஆனா ஆழச் சக்கரம் விரலால திரும்பணும், அவ்வளவுதான். சக்கரத்துல அரைச் சுத்து, முக்கால் சுத்து வெறுமனே திரும்பறது பழைய பிளேன்ல சகஜம், அது கோளாறு இல்ல. எப்பவும் பிளேடை உள்ள இழுத்துட்டு வெளிய தள்ளற திசைலயே முடிங்க, பின்னாடி இழுத்த நிலையில விட்டா வேலை நடுவுல பிளேடு தானா உள்ள போயிடும். இடவலம் சமமா இருக்கான்னு பாக்க சின்ன மரத்துண்டு ஒண்ணை எடுத்து அடியைத் திருப்பிப் பிடிச்சு வாயோட இடது மூலைலயும் வலது மூலைலயும் தேய்ச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே தடிமன்ல சீவல் வர்ற வரைக்கும் லீவரை அசைங்க. விரலை வச்சுப் பாக்கறதுக்கு இது மேல்.

5-ஆம் நம்பரை மொத்தமா மரம் குறைக்க மட்டும் வச்சுக்கறதுன்னா பிளேடோட வெட்டுமுனையை நேரா வைக்காம வில்லு மாதிரி வளைவா சாணை பிடிச்சுக்கோங்க, 8 லேர்ந்து 10 அங்குல ஆரம் உள்ள வட்டத்தோட ஒரு துண்டு மாதிரி. அப்பத்தான் கனமான சீவல் எடுக்கறப்ப மூலைகள் மரத்துல சிக்காது. எல்லாத்துக்கும் ஒரே பிளேன்னா வளைவு வேண்டாம், ரெண்டு மூலையை மட்டும் லேசா மழுக்கிடுங்க. இன்னும் நல்ல வழி, ரெண்டு பிளேடு வச்சுக்கறது.

கைப்பிடி. உடைஞ்ச துண்டு கையில இருந்தா பழைய பசையைச் சுரண்டி, தின்னரால துடைச்சு (ரோஸ்வுட்ல எண்ணெய்ப்பசை இருக்கும், துடைக்காம ஒட்டினா நிக்காது), எபாக்சி போட்டு ரப்பர் பட்டையால இறுக்கிச் சுத்தி வைங்க. கொம்பு துண்டே இல்லைன்னா உடைஞ்ச இடத்தைத் தட்டையா சீவி, அதே திசைல நார் ஓடற ஒரு துண்டை ஒட்டி, காய்ஞ்சதும் அரத்தால வடிவம் எடுத்துக்கலாம். கைப்பிடி எவ்வளவு இறுக்கினாலும் ஆடிக்கிட்டே இருந்தா பசை தேட வேண்டாம், மரம் காலப்போக்குல சுருங்கியிருக்கும், போல்ட் மரத்தை அமுக்கறதுக்கு முன்னாடியே மரையோட அடில போய் முட்டுது, மேல தலைக்குக் கீழ ஒரு வாஷர் போடுங்க, இல்ல கம்பியோட நுனியைத் துளி அரம் போட்டுக் குறைங்க, நின்னுடும்.

முதல் இழைப்புக்கு முடிச்சு இல்லாத மெத்து மரமா எடுத்துக்கோங்க. அடில மெழுகுவர்த்தியால ரெண்டு கோடு இழுங்க, தள்ளற சிரமம் பாதியா குறையும், இதை எத்தனை சொன்னாலும் யாரும் செய்ய மாட்டாங்க. பிளேடை முழுசா உள்ள இழுத்துட்டு, தள்ளிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடுங்க. கடகடன்னு அதிர்ந்து மரத்துல படிப்படியா கோடு விழுந்தா ஃப்ராக் ஸ்க்ரூ லூஸா இருக்கு, இல்ல பிளேடு ஃப்ராக்ல முழுசா படியல. ஒரு பக்கம் மட்டும் சீவல் வந்தா இடவல லீவர். தொடங்கற இடத்துலயும் முடியற இடத்துலயும் மட்டும் வெட்டி நடுவுல விட்டா பலகைதான் நடுவுல பள்ளம், பிளேன்ல ஒண்ணும் இல்ல, விடாம இழைங்க. நார் பிய்ஞ்சா முதல்ல பலகையைத் திருப்பிப் போட்டு மறுதிசைல இழைச்சுப் பாருங்க, ரெண்டு திசைலயும் பிய்ஞ்சா மறுபடி தீட்டி, சிப் பிரேக்கரை இன்னும் கிட்டக் கொண்டு போங்க. எதுவுமே வராம பிளேன் மரத்து மேல வழுக்கிட்டுப் போனா ஒண்ணு பிளேடு வெளிய வரல, இல்ல மொக்கை, அதுவும் இல்லைன்னா பிளேடைத் தலைகீழா, சாய்வு மேல பாக்கற மாதிரி மாட்டிருக்கீங்க.